முன்சீட்

வண்டியை வாங்க வந்திருப்பவள் ரோஸ்விதாதான் என்பது அந்தக் கிழவரின் மண்டையில் கடைசிவரை ஏறவில்லை. மலைச்சரிவில் இருந்த தன் பண்ணைக் கொட்டகையின் கதவைத் தள்ளித் திறந்தார். வைக்கோல் தூசி படிந்த தார்ப்பாயை இழுத்துப் போட்டார். அதன்பிறகு வண்டியின் பூர்வீகம் முழுவதையும் அவள் கணவன் நோர்பெர்ட்டிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். நோர்பெர்ட் வந்ததே காருக்குப் பின்னால் ட்ரெய்லரைக் கட்டி இழுப்பதற்காகத்தான். வீட்டிலிருந்து கிளம்பும்போதே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பியவன். பெட்ரோல் டாங்க்குக்குள் துரு இருக்கிறதா என்று ரோஸ்விதா கேட்டால், கிழவர் நோர்பெர்ட்டைப் பார்த்து, இத்தனை வருஷம் சும்மா கிடந்தால் துரு இல்லாமல் இருக்குமா என்பார். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் எண்ணெய் கசிவதை அவள் குனிந்து தொட்டுக் காட்டினாள். அதற்கான பதிலும் நோர்பெர்ட்டுக்கே போனது. வண்டியை ட்ரெய்லரில் ஏற்றிக் கட்டியதும் கிழவர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கி, பார்த்து ஓட்டுங்கள் என்று வாழ்த்தி அனுப்பினார்.

திரும்பி வரும் வழியெல்லாம் நோர்பெர்ட் சிரித்துக்கொண்டே வந்தான். "இரும்புக் கடைக்குப் போக வேண்டியத நாம இழுத்துட்டுப் போறோம். அந்த ஆளு என்னை எவ்ளோ பெரிய மடையன்னு நெனச்சிருப்பான்," என்றான். ரோஸ்விதா கண்ணாடி வழியாகப் பின்னால் வரும் ட்ரெய்லரையே பார்த்துக்கொண்டிருந்தாள். யார் என்ன சொன்னாலும் அன்றைக்கு அவளுக்கு உறைக்காது. ஐம்பத்தாறு வயதில் முதல்முறையாகத் தன் பேரில் ஒரு மோட்டார் சைக்கிள்.

மோட்டார் சைக்கிள் அவளுக்குப் புதிதல்ல. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதில் போனவள்தான், பின்சீட்டில். ஜெர்மனியின் சாவர்லாந்து மலைப் பாதைகள் அத்தனையிலும் நோர்பெர்ட்டின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுற்றியிருக்கிறாள். அணைக்கட்டு ஏரியைச் சுற்றும் சாலை, காட்டுக்குள் ஏறி இறங்கும் வளைவுகள், எல்லாம் போய் வந்த இடங்கள்தான். ஆனால் அந்தப் பயணங்களை நினைத்தால் அவளுக்கு ஞாபகம் வருவது அவனுடைய தோல் ஜாக்கெட்டின் முதுகுத் தையல். வளைவு வருகிறது என்பதையே அவன் சாய்வதை வைத்துத்தான் தெரிந்துகொள்வாள். மகள் ஃபிரான்சிஸ்கா பிறந்ததும் அவன் வண்டியை விற்றுவிட்டான். அந்தத் தியாகத்தை அதற்குப் பிறகு எத்தனை விருந்துகளில், எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறான் என்பதற்குக் கணக்கே இல்லை. கதை முடிந்ததும் ஒரு பெருமூச்சு விடுவான். கேட்டவர்கள் ரோஸ்விதாவைப் பார்ப்பார்கள், அவள்தான் நச்சரித்து விற்க வைத்தவள் என்பதுபோல. அவள் அப்படி ஒரு வார்த்தை சொன்னதே கிடையாது.

மகள் இப்போது ஹாம்பர்க்கில் குடும்பமாக இருக்கிறாள். போன வருஷம் ஒருநாள், மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை முடிந்து காரில் வரும்போது, சிக்னலில் ஒரு பெண் மோட்டார் சைக்கிளில் வந்து பக்கத்தில் நின்றாள். ஹெல்மெட்டுக்குக் கீழே நரைத்த பின்னல் தொங்கியது. விளக்கு மாறியதும் அவள் போய்விட்டாள். பின்னால் இருந்தவன் ஹார்ன் அடிக்கும்வரை ரோஸ்விதா பச்சை விளக்கில் அப்படியே நின்றிருந்தாள். நானும் முன்னால் உட்கார்ந்து ரோட்டைப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது. இதைவிடச் சின்ன ஆசை ஒரு மனுஷிக்கு இருக்க முடியாது. ஓட்டுநர் பள்ளியில் மகளைவிடச் சின்னப் பெண்களோடு உட்கார்ந்து படித்தாள். கூம்புகளுக்கு நடுவே வளைந்து ஓட்டும் பாடத்தில் இரண்டு தடவை விழுந்தாள். முதல் தேர்வில் தோற்று, மறுபடி எழுந்து உரிமம் வாங்கினாள். நோர்பெர்ட் அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான். இந்த வயதில் இவளுக்கு என்ன வந்தது என்று அவனுடைய ஊர்த் துப்பாக்கி சுடும் சங்கத்து நண்பர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் எல்லாரையும்போல அவளும் இரண்டு மூன்று வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தாள். குளிர்காலம் முழுவதையும் வண்டி விழுங்கிவிட்டது. ஆற்றங்கரையில், முன்பு தீவனக் கிடங்காக இருந்த கட்டடத்தில், எக்கார்ட் ஒரு பட்டறை வைத்திருந்தான். அங்கே அவன் ரிப்பேர் செய்து தரமாட்டான். வண்டியைத் தூக்கி நிறுத்தும் மேடையையும் கருவிகளையும் வாடகைக்கு விடுவான், வேலையை நாம்தான் செய்துகொள்ள வேண்டும். மாட்டிக்கொண்டால் கூப்பிடலாம், வந்து பார்த்துவிட்டு எதைக் கழற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போவான். சனிக்கிழமைகளில் அங்கே ஆண்கள் கூட்டம், பீர் பாட்டில், வானொலி. ரோஸ்விதா முதல் நாள் உள்ளே போனபோது, யாரோ தன் புருஷனைத் தேடி வந்திருக்கிறாள் என்று நினைத்து ஒருவன் எட்டிப் பார்த்து, "யாரு வேணும்?" என்று கேட்டான்.

டாங்க்கிலிருந்துதான் ஆரம்பித்தாள். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் பழுப்பு நிறத்தில் செதில் செதிலாகத் துரு. கெட்டிலில் படியும் சுண்ணாம்பை எடுக்க வீட்டில் வைத்திருக்கும் எலுமிச்சைப் புளிப்புத் தூளையே வெந்நீரில் கரைத்து ஊற்றினாள். உள்ளே ஒரு துண்டுச் சங்கிலியைப் போட்டு, டாங்க்கைப் பழைய போர்வையில் சுற்றி, மடியில் வைத்து உருட்டி உருட்டிக் கலக்கினாள். தோள் இரண்டும் விண் விண்ணென்று தெறித்தன. பட்டறையில் ஒருவன், குழந்தை தூங்கிடுச்சா என்று கேட்டான். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கார்புரேட்டர்கள் இரண்டிலும் பழைய பெட்ரோல் காய்ந்து பிசினாக ஒட்டியிருந்தது. அதிலிருந்த பித்தளைத் துண்டுகளைப் பார்த்ததும் அவளுக்குத் தெம்பு வந்தது. மூக்குக்கண்ணாடிகளின் கண்ணுக்குத் தெரியாத திருகாணிகளோடு முப்பது வருஷம் மாரடித்த கை. ஊசித் துவாரங்களை ஒவ்வொன்றாக ஊதி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அடைப்பெடுத்தாள். எக்கார்ட் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனான். சொல்ல ஒன்றும் இல்லாததால்தான் போனான் என்று அவளுக்குத் தெரிந்தது. அன்று முழுவதும் அந்தச் சந்தோஷத்திலேயே இருந்தாள்.

எல்லா நாளும் அப்படிப் போகவில்லை. எஞ்சின் மூடியில் ஒரு போல்ட்டை அவசரப்பட்டுத் திருகினாள், அதன் தலை கையோடு வந்துவிட்டது. உள்ளே மாட்டிக்கொண்ட தண்டை எடுக்கத் துளை போட்டதில் அதுவும் கோணலாகப் போனது. பட்டறைக் கழிவறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்து மறுபடி ஆரம்பித்தாள். பிரேக்கைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டியபிறகு அது பிடிக்கவே இல்லை, குழாயில் புகுந்த காற்றை எடுத்து எடுத்து ஒரு சனிக்கிழமை முழுக்கப் போயிற்று. வீட்டுக்கு வந்தால் நோர்பெர்ட் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல், உன் மேல் பெட்ரோல் நாற்றம் அடிக்கிறது என்பான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஃபோர்க்கைக் கழற்றும்போது வண்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், வருகிறாயா என்று கேட்டாள். முதுகு வலி என்றான். மறுநாள் துப்பாக்கிச் சங்கத்துக்கு பெஞ்சு தூக்கப் போனான். அதன்பிறகு அவள் கேட்கவில்லை.

மார்ச்சில் டாங்க்குக்குக் கரும்பச்சை அடித்தாள். வண்டி ரோட்டுக்குத் தகுதியா என்று சோதிக்கப் பட்டறைக்கு வந்த அதிகாரி வண்டியைச் சுற்றி வந்தார், விளக்குகளைப் போடச் சொன்னார், பிரேக்கை அழுத்தினார், கொஞ்சதூரம் ஓட்டிவிட்டு வந்தார். "யார் செஞ்சது?" என்று கேட்டார். நான்தான் என்றாள். அவர் ஆச்சரியப்படவில்லை, பாராட்டவும் இல்லை. பின்பக்கச் செயின் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது, ஆள் உட்கார்ந்தால் இன்னும் இறுகும், தளர்த்திவிடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு முத்திரையை ஒட்டினார். வண்டி வைத்திருக்கிற இன்னொரு ஆளிடம் பேசுவதுபோலப் பேசிய அந்த மனிதரை அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

அவள் வாங்கியிருந்த நம்பர் பலகையில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை என்று அச்சடித்திருந்தது. அந்த மாதங்களில் மட்டும்தான் சாலையில் ஓட்டலாம், வரி குறைவு. ஆனால் ஏப்ரல் பிறந்தும் பனி விட்டபாடில்லை. வண்டி வீட்டின் கார் கொட்டகையில் நின்றது. முற்றத்தில் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பாள், அவ்வளவுதான். அந்த நாட்களில்தான் நோர்பெர்ட் கொட்டகைக்கு வர ஆரம்பித்தான். முதலில் குப்பைத் தொட்டியை எடுக்க வருவதுபோல வந்தான். பிறகு டாங்க்கைத் தடவிப் பார்த்தான். ஒரு நாள் மாலை அதன்மேல் ஏறி உட்கார்ந்து, கைப்பிடியைப் பிடித்தபடி, முற்றத்து வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரோஸ்விதா சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தாள். அவன்மேல் அவளுக்கு அப்போது பாசம்தான் வந்தது. பாவம், ஆசையாக இருக்கிறான், ஓட்டட்டும், இரண்டு பேருமாக ஓட்டலாம் என்று நினைத்தாள். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, அருமையாகச் செய்திருக்கிறீர்களே நோர்பெர்ட் என்றார். நோர்பெர்ட் கையை அசைத்தான். அந்தக் கையசைப்புக்கு ஆமாம் என்றும் அர்த்தம், இல்லை என்றும் அர்த்தம்.

ஏப்ரல் நடுவில் வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய மாதா கோவிலில் மோட்டார் சைக்கிள்களுக்கு ஆசீர்வாதம். சுற்றுவட்டாரத்து வண்டிகள் எல்லாம் கோவில் வளாகத்தில் வந்து வரிசை கட்டும். பாதிரியார் புனித நீர் தெளிப்பார். அவர் கடைசி ஜெபத்தைச் சொல்லி முடித்ததும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எஞ்சினைக் கிளப்புவார்கள். அந்த ஊரில் அதுதான் ஆமென். பிறகு ஏரியைச் சுற்றி ஊர்வலம், திரும்பி வந்து காபியும் கேக்கும். அந்த வளாகத்துக்குள் தன் வண்டியில் தானே நுழைய வேண்டும் என்பதை ரோஸ்விதா டாங்க்கை மடியில் போட்டு உருட்டிய நாளிலேயே முடிவு செய்துவிட்டாள். யார் பார்க்க வேண்டும், யார் வாயடைத்துப்போக வேண்டும் என்றுகூடக் கற்பனை செய்து வைத்திருந்தாள்.

கேக்கை மட்டும் அவள் கற்பனையில் சேர்க்கவில்லை. கோவில் மாதர் சங்கத்து ஹில்டெகார்ட் தொலைபேசியில் கூப்பிட்டு, வழக்கம்போல பட்டர் கேக் ஒரு பெரிய தட்டு உன்னுடையதுதானே என்றதும், ரோஸ்விதாவின் வாய் அதுபாட்டுக்குச் சரி என்று சொல்லிவிட்டது. இருபது வருஷமாகச் சொல்லிப் பழகிய சரி. போனை வைத்தபிறகுதான் தலையில் அடித்துக்கொண்டாள். கூப்பிட்டு முடியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த ஊரில் கேக் தருகிறேன் என்று சொல்லிவிட்டு இல்லை என்று சொன்ன பெண் யாரும் கிடையாது. சீக்கிரமாகக் காரில் போய்க் கேக்கை வைத்துவிட்டு, திரும்பி வந்து வண்டியை எடுத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டாள்.

அந்த ஞாயிறு காலை மாவு பொங்கி வரத் தாமதமாகிவிட்டது. கேக்கை அடுப்பிலிருந்து எடுத்து, வண்டி ஓட்டும் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தால், கொட்டகை வாசலில் நோர்பெர்ட் அவளுடைய ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான்.

"நேரமாச்சு. இவ்ளோ பெரிய தட்ட வண்டியில வச்சு எப்படிக் கொண்டு போவ? நீ கார எடு. நான் இத அங்க கொண்டாந்து நிறுத்திடுறேன். அங்கேருந்து நீ ஓட்டு."

சொன்னதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் அவளை மாட்டிவிட்டது. சண்டை போட்டிருந்தால் அவளும் போட்டிருப்பாள். வண்டியைக் கிளப்பிச் சூடேற்றி அவன் கையில் கொடுத்ததும் அவள்தான். ஹெல்மெட் அவனுக்குக் கொஞ்சம் இறுக்கம், கன்னங்கள் பிதுங்கின. தெருமுனையில் திரும்பும்போது பச்சை டாங்க்கில் வெயில் பட்டது. தான் செய்த வண்டி ஓடுவதை அவள் வெளியிலிருந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை. அழகாக இருந்தது. அதுவேறு வயிற்றெரிச்சலாக இருந்தது.

வளாகத்தில் காரை நிறுத்த இடம் கிடைக்கவில்லை. எங்கோ தள்ளி நிறுத்தி, தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தாள். ஆண்கள் நாலைந்து பேர் அவளுடைய வண்டியைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். நோர்பெர்ட் நடுவில் நின்றான். டாங்க்குக்குள் சங்கிலியைப் போட்டுக் கலக்கிய கதை நடந்துகொண்டிருந்தது. எலுமிச்சைப் புளிப்புத் தூள் என்றதும் ஒருவன், அட, இது தோணலையே என்றான். நோர்பெர்ட் தோளைத் தேய்த்துக் காட்டி, கை கழன்றுவிட்டது என்றான். தினமும் ராத்திரி சாப்பாட்டு மேசையில் அவள் சொன்னதையெல்லாம் அவன் தொலைக்காட்சியைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான். ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறான். அவர்களுக்குப் பின்னால் எக்கார்ட் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். ஊர்வலத்தில் வழியில் நின்றுபோகும் வண்டிகளை ஏற்றிக்கொண்டு வர அவனுடைய வேன்தான் எப்போதும் கடைசியில் போகும். ரோஸ்விதா அவனைப் பார்த்தாள். அவன் தன் ஷூவில் ஏதோ ஒட்டியிருப்பதுபோலக் குனிந்து பார்த்துக்கொண்டான்.

மணி அடித்ததும் எல்லாரும் அவரவர் வண்டி அருகே போய் நின்றார்கள். ரோஸ்விதா கேக்கை மேசையில் வைத்துவிட்டு வேகமாக வந்து வண்டிக்கு இந்தப் பக்கம் நின்றாள். அந்தப் பக்கம் நோர்பெர்ட். பாதிரியார் வரிசையாகத் தெளித்துக்கொண்டு வந்தார். பச்சை டாங்க்கைப் பார்த்ததும் நின்றார்.

"குளிர்காலம் முழுக்க இதோடதான் இருந்தீங்களாமே நோர்பெர்ட்? கேள்விப்பட்டேன். பிரமாதமா இருக்கு."

"கொஞ்சம் வேலை வாங்கிடுச்சு ஃபாதர்," என்றான் நோர்பெர்ட்.

"ஃபாதர், வண்டி என்னோடது," என்றாள் ரோஸ்விதா. குரல் நடுங்கவில்லை. நடுங்கக்கூடாது என்று நினைத்து, தேவைக்கு அதிகமாகவே சத்தமாக வந்துவிட்டது. அடுத்த வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பாதிரியார் புன்னகை செய்தார். நல்ல மனிதர், யார் மனதையும் புண்படுத்தத் தெரியாதவர். "அப்படித்தானே இருக்கணும் ரோஸ்விதா? கல்யாணம் ஆனப்புறம் அவரோடது, உங்களோடதுன்னு தனித்தனியா ஏது?" என்று சொல்லி, இரண்டு பேர்மேலும் சேர்த்துத் தெளித்துவிட்டு நகர்ந்தார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அது கேலிச் சிரிப்புகூட இல்லை, அன்பான சிரிப்பு.  ஒரு துளி டாங்க்கின் வளைவில் ஓடி இறங்கியது. கை தானாகப் போய்த் துடைத்தது.

நோர்பெர்ட் ஹெல்மெட்டை மாட்ட ஆரம்பித்தான். அவள் கையை நீட்டினாள். அவன் வாயை அவள் காதருகே கொண்டுவந்து, "இப்ப வேணாம் ரோஸ்விதா. எல்லாரும் பாத்துட்டு இருக்காங்க. திரும்பி வந்ததும் நீ எடுத்துக்க," என்றான். கெஞ்சுவதுபோலத்தான் சொன்னான். முப்பது வருஷமாக அவன் முகத்தில் பார்க்காத ஒரு பையனின் முகம் ஹெல்மெட்டுக்குள் இருந்தது. அதைப் பிடுங்க அவளுக்கு மனசு வரவில்லை. அந்த நொடிக்காக அவள் பிற்பாடு தன்னைத்தானே எவ்வளவு திட்டிக்கொண்டாள் என்பது வேறு விஷயம்.

கடைசி ஜெபம் முடிந்தது. வளாகம் முழுக்க எஞ்சின்கள் ஒன்றாக உறுமின, கோவில் ஜன்னல்கள் அதிர்ந்தன. அவளுடைய வண்டி மட்டும் கிளம்பவில்லை. நோர்பெர்ட் பொத்தானை அழுத்தினான், ஸ்டார்ட்டர் சுழன்றது, எஞ்சின் பிடிக்கவில்லை. கைப்பிடியை முறுக்கி முறுக்கி அழுத்தினான். நின்ற நேரத்தில் குளிரில் எஞ்சின் ஆறிவிட்டது, ஆறிய எஞ்சினுக்கு சோக்கை இழுத்துப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். அந்த வண்டியில் சோக் கைப்பிடியில் இல்லை, டாங்க்குக்கு அடியில், கார்புரேட்டரோடு ஒட்டி இருக்கும், விரலை உள்ளே விட்டுத்தான் இழுக்க வேண்டும். இழுத்தபிறகு கைப்பிடியைத் தொடவே கூடாது. சாப்பாட்டு மேசையில் அவள் சொல்லாமல் விட்டது அது ஒன்றுதான் போலிருக்கிறது. மற்ற எஞ்சின்கள் அடங்கி மெதுவாக ஓடிக்கொண்டிருந்தன, எல்லாருடைய கண்ணும் பச்சை வண்டிமேல். ஒருவன் தள்ளிப் பார்க்கலாமா என்றான். இன்னொருவன், பெயின்ட் அடிச்சா மட்டும் போதுமா நோர்பெர்ட் என்றான். ஸ்டார்ட்டரின் சத்தம் இழுவையாக, ஈனமாக ஆகிக்கொண்டே வந்தது. இன்னும் ஒரு நிமிஷத்தில் பேட்டரி செத்துவிடும்.

நோர்பெர்ட் அவளைப் பார்த்தான்.

சும்மா நின்றிருக்கலாம். நின்றிருந்தால் அன்றைக்கே, அந்த இடத்திலேயே, ஊருக்கே விஷயம் விளங்கியிருக்கும். வேன் வந்து வண்டியை ஏற்றியிருக்கும், நோர்பெர்ட் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போயிருப்பான். அதெல்லாம் அவளுக்கும் தெரிந்தது. ஆனால் அவமானப்படுவது நோர்பெர்ட் இல்லை, வண்டி. பெயின்ட் மட்டும்தானா என்று கேட்கிறார்கள். அதை அவளால் தாங்கிக்கொண்டு நிற்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கென்று போட்ட நல்ல கால்சட்டையோடு கற்தரையில் மண்டியிட்டாள், கையை டாங்க்குக்கு அடியில் விட்டாள், குழாய்களுக்கு நடுவே விரலால் துழாவிச் சோக்கை இழுத்தாள். "முறுக்காத. கையெடு. இப்ப அழுத்து," என்றாள். வண்டி ஒரு தடவை இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. சீரான, கனமான சத்தம். அந்தச் சத்தத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"நோர்பெர்ட்!" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான். "வீட்டுக்காரிய நல்லாத்தான் பழக்கி வச்சிருக்க!"

வளாகமே சிரித்தது. நோர்பெர்ட்டும் சிரித்தான். கையை உயர்த்திக் காட்டிவிட்டு, மற்றவர்களோடு வரிசையில் சேர்ந்து வாசலைத் தாண்டிப் போனான்.

அவள் எழுந்தபோது எக்கார்ட் வேன் கதவைத் திறந்துகொண்டிருந்தான். கடைசி வண்டி போனபிறகுதான் அவன் கிளம்ப வேண்டும். அவள் நேராக அவனிடம் போனாள்.

"உனக்குத் தெரியும்ல எக்கார்ட்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அவன் வேனின் பக்கவாட்டுக் கண்ணாடியைச் சட்டைக் கையால் துடைத்தான். "சொல்லியிருக்கலாம்," என்றான். "சொல்லிட்டு வெள்ளிக்கிழமை அவன்கூட எப்படி ஒக்காந்து பீர் குடிக்கிறது? நீ வேலை முடிஞ்சா வீட்டுக்குப் போயிருவ. நான் இவங்களோடதான் கெடக்கணும்." பிறகு, அது போதாதென்று அவனுக்கே தோன்றியிருக்க வேண்டும். "வண்டி நல்லா இருக்குன்னுதான எல்லாரும் சொன்னாங்க? அது உனக்குத்தான பெருமை? யாரு பேரு சொன்னா என்ன?" என்றான்.

"அப்ப உன் பட்டறைக்கு வேற எவன் பேரையாச்சும் எழுதி வையேன்," என்றாள் ரோஸ்விதா.

அவன் வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். குளிர்காலம் முழுவதும் அந்தப் பட்டறையில் தனக்கு ஒரு சிநேகிதன் கிடைத்திருக்கிறான் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். நோர்பெர்ட் செய்ததைவிட அதுதான் அதிகமாக எரிந்தது.

மேசையருகே பெண்கள் காபிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஹில்டெகார்ட் அவள் கையில் கத்தியைக் கொடுத்து, உன் கேக்கை நீயே வெட்டு, உனக்குத்தான் துண்டு சமமாக வரும் என்றாள். பிறகுதான் அவள் கையைப் பார்த்தாள். சோக்கைத் துழாவிய வலது கை மணிக்கட்டுவரை கருப்பாக இருந்தது. கால்சட்டையின் முழங்காலிலும் கறை. "அய்யய்யே, உள்ள போயிக் கழுவிட்டு வா," என்றாள். ரோஸ்விதா போகவில்லை. கத்தியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வெட்ட ஆரம்பித்தாள். துண்டுகள் கோணல்மாணலாக விழுந்தன. ஹில்டெகார்ட் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பால் எடுத்து வருவதாகச் சொல்லி உள்ளே போய்விட்டாள்.

ஊர்வலம் திரும்பி வந்தது. தூரத்திலேயே அவளுக்குத் தன் வண்டியின் சத்தம் தனியாகத் தெரிந்தது. நன்றாகத்தான் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறான், ஒரு கோளாறும் இல்லை. ஆண்கள் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு, குளிரில் சிவந்த முகங்களோடு, பசியோடு மேசையைச் சுற்றிக் கூடினார்கள். நோர்பெர்ட் நேராக அவளிடம் வந்தான். கண்கள் பளபளத்தன. கூட்டத்தின் நடுவில் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி, "ரோஸ்விதா!" என்றான். சொன்ன வாக்கைக் காப்பாற்ற வந்திருக்கிறான் என்பது அவளுக்குப் புரிந்தது. அவன் மனதில் அப்போது ஒரு கள்ளமும் இல்லை. அதுதான் கொடுமை.

"இந்தா," என்று நோர்பெர்ட் சாவியை நீட்டினான். "இனிமே இது உன் வண்டி. எடுத்துக்க."

 கைதட்டல் எழுந்தது. முதலில் தட்டியது எக்கார்ட். அடுத்து எல்லாரும் தட்டினார்கள். ஒருத்தி, என் வீட்டுக்காரர் எனக்கு மிதிவண்டிகூடத் தந்ததில்லை என்றாள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனசு யாருக்கு வரும் என்று இன்னொரு குரல் கேட்டது. பாதிரியார் காபிக் கோப்பையை வைத்துவிட்டு அவரும் தட்டினார். வாங்கிக்கொண்டால், அவன் கொடுத்ததாகத்தான் ஆகும், காலத்துக்கும். வாங்காவிட்டால் வண்டி அங்கேயே நிற்கும். மேசைக்கு அப்பால், திறந்த வாசலுக்கு நேராக, அவள் வண்டி ரோட்டைப் பார்த்து நின்றிருந்தது. ரோடு காய்ந்து கிடந்தது, மலைவரை காலியாக.

நோர்பெர்ட் சாவியை வைத்துக்கொண்டு கையை நீட்டியபடியே சிரித்தான். ரோஸ்விதா இடது கையில் கேக் கத்தியோடு நின்றாள். அவனுடைய உள்ளங்கை சுத்தமாக, வெள்ளையாக, நகக்கண்ணில்கூட ஒரு அழுக்கு இல்லாமல் இருந்தது. அதன் நடுவில் சாவி. கைதட்டல் ஓயவில்லை.